பெரியவனுக்கு எம்எம்ஆர் ஊசிக்கப்புறம் வலிப்பு வந்துச்சு, சின்னவளுக்கு அதே ஊசி போடலாமா?

கண்மணிஅம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருசா எழுதிட்டேன், பொறுமையா படிச்சுட்டு பதில் சொல்லுங்க ப்ளீஸ்.

என் பெரியவனுக்கு ஒரு வயசு முடிஞ்சதும் எம்எம்ஆர் ஊசி போட்டோம், அதான் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூணுக்கும் சேர்த்து போடுற ஊசி. அன்னைக்கும் மறுநாளும் ஒண்ணுமே இல்ல, நல்லா விளையாடிட்டு இருந்தான், ஒரு வாரத்துக்கு மேல ஆனப்புறம் திடீர்னு காய்ச்சல் ஏறுச்சு. ராத்திரி பக்கத்துல படுத்திருந்தவனுக்கு உடம்பு விறைச்சு கண்ணு மேல சொருகிடுச்சு, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது, உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. ரெண்டு நிமிஷம் கூட இருந்திருக்காதுன்னு வீட்டுக்காரர் சொல்றார், எனக்கு என்னமோ முடியவே முடியாத மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், காய்ச்சல் வலிப்பு தான், பயப்படாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் அவனுக்கு வந்ததே இல்ல, இப்ப ஸ்கூல் போறான், நல்லா படிக்கிறான், ஒரு குறையும் இல்ல.

இப்ப சின்னவளுக்கு ஒரு வயசு ஆகுது. இதுவரைக்கும் உள்ள எல்லா ஊசியும் அவளுக்கு கரெக்டா போட்டாச்சு, நான் தடுப்பூசிக்கு எதிரி எல்லாம் இல்ல. ஆனா இந்த ஒண்ணுக்கு மட்டும் கூட்டிட்டு போக கால் வரல. ஓரகத்தி அக்கா தினமும் ஒரு வீடியோ அனுப்புறாங்க, ஆட்டிசம் வரும், தட்டம்மை எல்லாம் சின்ன பிள்ளைங்களுக்கு சாதாரணமா வந்து போற நோய், வந்துட்டா ஆயுசுக்கும் எதிர்ப்பு சக்தி கிடைக்கும்னு. வீட்டுக்காரர் நீயே முடிவு பண்ணுன்னு சொல்லிட்டார், அது தான் இன்னும் கஷ்டம். நானே என் கையால தூக்கிட்டுப் போய் போட்டு அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. ஒரு மூணு வயசு வரைக்கும் தள்ளிப் போட்டா உடம்பு கொஞ்சம் தெம்பாயிடும்ல, அப்ப போட்டா பரவாயில்லையா? தங்கச்சிக்கும் அதே மாதிரி வர்றதுக்கு எவ்வளவு வாய்ப்பு?

ஊசிநர்ஸ்:

கண்மணிஅம்மா, அந்த ராத்திரிய பாத்த எந்த அம்மாவுக்கும் இந்த பயம் வரத்தான் செய்யும், அதனால உங்க பயத்த யாரும் சும்மான்னு சொல்ல முடியாது. நான் குழந்தைங்களுக்கு தடுப்பூசி போடுற வேலை தான் பாக்குறேன், உங்க கேள்விய நிறைய அம்மாக்கள் வாசல் வரைக்கும் வந்துட்டு கேட்டிருக்காங்க.

முதல்ல ஒண்ணு, உங்க பையனுக்கு வந்தது ஊசியால வந்த காய்ச்சல்ல வந்த வலிப்பா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அத நான் மறுக்கல. எம்எம்ஆர்ல இருக்கிறது வலுவிழக்க வெச்ச உயிருள்ள வைரஸ், அது உடம்புல கொஞ்சம் பெருகி எதிர்ப்பு சக்திய தூண்டணும், அதுக்கு ஒரு வாரம் ஆகும். அதனால காய்ச்சல் போட்ட அன்னைக்கு வராம 6, 7 நாள்லேர்ந்து 12 நாளுக்குள்ள வரும். நீங்க சொல்ற கணக்கு அதோட சரியா பொருந்துது. காய்ச்சல் வலிப்புங்கிறது ஆறு மாசத்துலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்கள்ல நூத்துக்கு 2லேர்ந்து 5 பேருக்கு எந்த காய்ச்சல்லயும் வரக்கூடியது, சாதாரண சளிக்காய்ச்சல்லயும் வரும். பாக்க உயிர் போற மாதிரி இருக்கும், ஆனா சும்மா ரெண்டு நிமிஷத்துல தானா நிக்கிற வலிப்பு மூளைக்கு பாதிப்பு பண்றதில்ல.

தங்கச்சிக்கு எவ்வளவு வாய்ப்புன்னு கேட்டீங்க, அதுக்கு நேரடியாவே பதில் இருக்கு. டென்மார்க்ல அஞ்சு லட்சத்துக்கும் மேல பிள்ளைங்கள வெச்சு பண்ணின ஆய்வு 2004ல வந்துச்சு. எம்எம்ஆர் போட்ட ரெண்டு வாரத்துக்குள்ள ஊசியால கூடுதலா வலிப்பு வந்தது பொதுவா 1000 பிள்ளைக்கு ஒண்ணு ரெண்டு பேருக்கு தான். அண்ணனுக்கோ அக்காவுக்கோ காய்ச்சல் வலிப்பு வந்திருந்த பிள்ளைங்கள்ல அது 1000க்கு சுமார் 4. அதாவது உங்க பொண்ணு மாதிரி 1000 பிள்ளைங்கள்ல 996 பேருக்கு இந்த ஊசியால வலிப்பு வராது. அப்படி வலிப்பு வந்த பிள்ளைங்களுக்கு பின்னாடி காக்கா வலிப்பு நோய் வர்ற வாய்ப்பும், வேற காய்ச்சல்ல வலிப்பு வந்த பிள்ளைங்கள விட கூடல.

இப்ப தள்ளிப் போடுறத பத்தி. இது நிறைய பேருக்கு தெரியாது, தள்ளிப் போட்டா இந்த ரிஸ்க் குறையாது. முதல் டோஸ 12லேர்ந்து 15 மாசத்துக்குள்ள போட்ட பிள்ளைங்கள விட, 16லேர்ந்து 23 மாசத்துல போட்டவங்களுக்கு வலிப்பு அதிகமா வந்ததா தான் அமெரிக்காவுல 2014ல வந்த ஆய்வு சொல்லுது. காய்ச்சல் வலிப்பு வர்ற வயசே ஒன்றரை வயச சுத்தி தான் உச்சத்துல இருக்கும். நீங்க தெம்பாயிடும்னு நினைச்சு காத்திருக்கிற மாசங்கள்ல தான் அவளுக்கு அந்த வாய்ப்பு கூடுது, அதுவும் தட்டம்மைக்கு எந்த பாதுகாப்பும் இல்லாம. தட்டம்மை வந்தாலும் காய்ச்சல் வரும்மா, 104 டிகிரி வரைக்கும் போகும், அந்த காய்ச்சல்ல வலிப்பு வராதுன்னு யாரும் சொல்ல முடியாது.

ஒரு விஷயம் டாக்டர்கிட்ட கேளுங்க. சில இடத்துல எம்எம்ஆரோட சின்னம்மை ஊசியையும் ஒரே ஊசியா கலந்து போடுவாங்க. முதல் டோஸுக்கு அந்த கலப்பு ஊசியில காய்ச்சல் வலிப்பு ரெண்டு மடங்கு. அண்ணன் கதைய சொல்லி, தனித்தனி ஊசியா போட சொல்லுங்க.

இயற்கைவழி:

சகோதரி, நான் சொல்றத தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஒரு ஊசி கூட போடல, பெரியவனுக்கு ஆறு வயசு ஆச்சு, கடவுள் புண்ணியத்துல நல்லா தான் இருக்காங்க. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல, ஆனா மருந்து கம்பெனிக்கு லாபம் வருதுன்னா அவங்க சொல்றத அப்படியே நம்ப எனக்கு மனசு வரல. ஆட்டிசம் பத்தி பெரிய பத்திரிகையில டாக்டரே எழுதினது தானே, அது பொய்னா எப்படி அச்சுல வந்துச்சு? பிள்ளை நம்ம பிள்ளை, அதுக்கு ஒண்ணுன்னா எந்த கம்பெனிக்காரனும் வந்து பாக்கப் போறதில்ல. ஒரு தடவை உங்களுக்கு அனுபவம் ஆயிடுச்சு, மனசு வேண்டாம்னு சொன்னா அத கேளுங்கன்னு தான் நான் சொல்லுவேன்.

தேடிப்படிப்பவன்:

இயற்கைவழி அண்ணே, உங்க கேள்வி நியாயமான கேள்வி, அதனால நியாயமா பதில் சொல்றேன். அந்த கட்டுரை 1998ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு, எழுதினவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட். அதுல இருந்தது மொத்தமே 12 பிள்ளைங்க. ஊசிக் கம்பெனி மேல கேஸ் போட தயாராகிட்டு இருந்த வக்கீல்கிட்டேர்ந்து அவர் காசு வாங்கினதும், பிள்ளைங்களோட விவரத்த மாத்தி எழுதினதும் பின்னாடி வெளிய வந்துச்சு, வெளிய கொண்டு வந்தது பிரையன் டீர்ங்கிற பத்திரிகையாளர். 2010ல லான்செட் அந்த கட்டுரைய வாபஸ் வாங்கிடுச்சு, அதே வருஷம் பிரிட்டன்ல அவரோட டாக்டர் பதிவையே எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் 2019ல டென்மார்க்ல 6,57,461 பிள்ளைங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்த ஆய்வு வந்துச்சு. ஊசி போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் ஆட்டிசத்துல வித்தியாசம் இல்ல, ஏற்கனவே அண்ணன் தம்பிக்கு ஆட்டிசம் இருக்கிற பிள்ளைங்கள தனியா எடுத்து பாத்தாங்க, அவங்கள்லயும் இல்ல. 12 பிள்ளைங்கள நம்புறதா ஆறரை லட்சம் பிள்ளைங்கள நம்புறதா நீங்களே சொல்லுங்க.

கம்பெனி லாபம் பாக்குதா, ஆமா பாக்குது. அதனால தான் கம்பெனிய நம்பாம வெளிய இருந்து கண்காணிக்கணும், அந்த கண்காணிப்பு வேலை செய்யுதுங்கிறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். வயித்துப்போக்குக்கு ரோட்டாஷீல்ட்னு ஒரு தடுப்பு மருந்து 1998ல அமெரிக்காவுல வந்துச்சு. சுமார் 10,000 பிள்ளைக்கு ஒருத்தருக்கு குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கிற பிரச்சினை வர்றத கண்டுபிடிச்சு 1999லயே சந்தையிலேர்ந்து எடுத்துட்டாங்க. அடுத்து வந்த ரோட்டா மருந்துகள 60,000 பிள்ளைங்களுக்கு மேல வெச்சு சோதிச்ச அப்புறம் தான் விட்டாங்க. 10,000ல ஒண்ண ஒரு வருஷத்துல கண்டுபிடிக்கிற அமைப்பு, எம்எம்ஆர் மாதிரி பல பத்து வருஷமா கோடிக்கணக்கான பிள்ளைங்களுக்கு போடுற ஊசியில பெருசா ஏதாவது இருந்தா விட்டிருக்குமா?

உங்க பிள்ளைங்க நல்லா இருக்காங்கன்னு கேக்கவே சந்தோஷமா இருக்கு, அப்படியே இருக்கட்டும். ஆனா அவங்க நல்லா இருக்கிறதுக்கு சுத்தி இருக்கிற மத்த பிள்ளைங்க எல்லாம் போட்டுக்கிட்டது ஒரு பெரிய காரணம். தட்டம்மை வந்த ஒருத்தர்கிட்டேர்ந்து, எதிர்ப்பு சக்தி இல்லாத 12லேர்ந்து 18 பேருக்கு பரவும், அத நிறுத்தணும்னா நூத்துக்கு 95 பேராவது போட்டிருக்கணும். அந்த வேலி ஓட்டையாச்சுன்னா முதல்ல மாட்டுறது போடாத பிள்ளை தான். டெட்டனஸுக்கு, அதான் ரண ஜன்னிக்கு, அந்த வேலியும் கிடையாது. அது மனுஷன்கிட்டேர்ந்து பரவுற நோய் இல்ல, மண்ணுல இருக்கு, ஊரே ஊசி போட்டிருந்தாலும் உங்க பையன் முட்டிய கிழிச்சுக்கிட்டு வந்தா அவன தான் தாக்கும். ஒரு தடவை வந்து பிழைச்சாலும் எதிர்ப்பு சக்தி வராத நோய் அது.

கண்மணிஅம்மா, வந்துட்டா ஆயுசுக்கும் எதிர்ப்பு சக்தின்னு உங்க ஓரகத்தி சொல்றது தட்டம்மைக்கு பாதி உண்மை. தட்டம்மை திரும்ப வராது தான். ஆனா அது உடம்புல வேற நோய்களுக்கு எதிரா ஏற்கனவே இருந்த எதிர்ப்பு சக்திய அழிச்சுட்டு போகுது. ஊசி போடாம தட்டம்மை வந்த பிள்ளைங்களோட ரத்தத்த முன்னாடியும் பின்னாடியும் எடுத்து பாத்த ஆய்வு 2019ல வந்துச்சு, ஒவ்வொரு பிள்ளையும் 11லேர்ந்து 73 சதவீதம் வரைக்கும் பழைய ஆன்டிபாடிய, அதாவது நோய எதிர்க்க ரத்தத்துல இருக்கிற பொருள, இழந்திருந்தாங்க. ஊசி போட்டவங்களுக்கு அப்படி ஆகல. அப்புறம் 1000 பேர்ல ஒருத்தருக்கு மூளைக்காய்ச்சல், 20 பேர்ல ஒருத்தருக்கு நிமோனியா. சாதாரணமா வந்து போற நோய்னு எந்த தைரியத்துல சொல்றாங்கன்னு தெரியல.

கீமோவார்டுஅப்பா:

நான் விவாதத்துக்கு வரல, என் பொண்ண பத்தி மட்டும் சொல்லிட்டு போறேன். அவளுக்கு ரத்தப் புற்றுநோய், கீமோ நடந்துட்டு இருக்கு. உயிருள்ள வைரஸ் இருக்கிற எந்த ஊசியும் அவளுக்கு இப்ப போடக்கூடாது, முன்னாடி போட்டதோட சக்தியும் கீமோவுல குறைஞ்சு போயிருக்கலாம்னு சொல்லியிருக்காங்க. ஒரு நாள் செக்கப்புக்கு போயிட்டு வந்தப்புறம் போன் வந்துச்சு, நீங்க உக்காந்திருந்த ஹால்ல உங்களுக்கு முன்னாடி ஒரு பையன் இருந்தான், அவனுக்கு தட்டம்மைன்னு உறுதியாயிருக்கு, உடனே கிளம்பி வாங்கன்னு. அந்த பையன நாங்க பாக்கவே இல்ல. அவன் எழுந்து போயி ரெண்டு மணி நேரம் வரைக்கும் அந்த காத்துல வைரஸ் இருக்குமாம். ஆறு நாளுக்குள்ள இம்யூனோகுளோபுலின், அதாவது ரெடிமேடா எதிர்ப்பு சக்தி குடுக்கிற ஊசி, போடணும், போட்டாங்க. அப்புறம் தினம் காலையில அவ முடி கொட்டின தலைக்குப் பின்னாடி, காதோரம், கழுத்துல சிவப்பு ஏதும் தெரியுதான்னு டார்ச் அடிச்சு பாப்போம், அங்க தான் முதல்ல வருமாம். எங்க நல்ல நேரம், வரல.

அந்த பையனோட அப்பா அம்மா மேல எனக்கு கோவம் இல்லன்னு சொன்னா பொய். தெரிஞ்சே செஞ்சிருக்க மாட்டாங்க, உடம்புல தடிப்பு தெரியறதுக்கு நாலு நாளுக்கு முன்னாடியே பரவ ஆரம்பிச்சுடும், அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. ஆனா ஊசி போடுறத அவங்கவங்க வீட்டு விஷயம்னு யாராவது சொல்லும்போது எனக்கு அந்த போன் ஞாபகம் வரும். என் பொண்ணுக்கு நான் என்ன முடிவு எடுத்தாலும் பத்தாது, நீங்க எடுக்கிற முடிவுல தான் அவ இருக்கா.

மூணாவதுபெஞ்ச்:

எல்லாரும் ஊசி நல்லது நல்லதுன்னு மட்டும் சொன்னா பயந்த அம்மாவுக்கு இவங்க எதையோ மறைக்கிறாங்கன்னு தான் தோணும், அதனால கெட்டது நடந்ததையும் சொல்லணும்னு நினைக்கிறேன். 2018ல பசிபிக் கடல்ல இருக்கிற சமோவா தீவுல எம்எம்ஆர் ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல ரெண்டு கைக்குழந்தைங்க இறந்து போனாங்க. உண்மையிலயே நடந்தது. விசாரிச்சதுல, ஊசிப்பொடிய கரைக்க வேண்டிய தண்ணிக்கு பதிலா ஆபரேஷன் தியேட்டர்ல தசைய தளர்த்துற மருந்த நர்ஸுங்க மாத்தி கலந்துட்டாங்கன்னு தெரிஞ்சுது, அவங்களுக்கு ஜெயில் தண்டனையும் ஆச்சு. ஆனா காரணம் தெரியறதுக்குள்ள ஊசித் திட்டத்தையே பல மாசம் நிறுத்தி வெச்சாங்க, திரும்ப ஆரம்பிச்சப்பவும் ஜனங்க பயந்துட்டு வரல. 2019 கடைசியில தட்டம்மை உள்ள நுழைஞ்சுது. ரெண்டு லட்சம் பேர் இருக்கிற சின்ன நாட்டுல 5,700 பேருக்கு மேல நோய், 83 சாவு, அதுல முக்கால்வாசிக்கும் மேல அஞ்சு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க. ஊசி போடாத வீடுங்க வாசல்ல சிவப்புத் துணி கட்டி வைக்க சொல்லி, அரசாங்கமே ரெண்டு நாள் எல்லா வேலையையும் நிறுத்திட்டு வீடு வீடா போயி போட்டுச்சு.

ஜப்பான்லயும் இதே தான். 1975 வாக்குல கக்குவான் ஊசிக்கப்புறம் ரெண்டு பிள்ளைங்க இறந்ததும் ஜனங்க போடுறத விட்டுட்டாங்க. ஊசி நல்லா ஓடிட்டு இருந்த 1974ல 393 பேருக்கு கக்குவான், ஒரு சாவு இல்ல. 1979ல 13,000 பேருக்கு, 41 சாவு. ரெண்டு இடத்துலயும் அந்த அப்பா அம்மாக்கள் பிள்ளை மேல பாசம் இல்லாதவங்க இல்ல. உங்க மாதிரி தான், நம்ம கையால ஒண்ணு ஆயிடக்கூடாதுன்னு நினைச்சவங்க. அக்கா, போடாம இருக்கிறதும் நம்ம கையால செய்றது தான், அதுக்கு ஊசித் தழும்பு தெரியாது, அவ்வளவு தான் வித்தியாசம்.

கண்மணிஅம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கீமோவார்டுஅப்பா, பாப்பா சீக்கிரம் நல்லாகணும், நான் வேண்டிக்கிறேன். அந்த 1000க்கு 4ங்கிற கணக்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சு காட்டினேன், நம்ம மனசுல அது பாதிக்கு பாதின்னு இல்ல இருந்துச்சுன்னார். எனக்கும் அப்படித்தான். டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன். பயம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், அந்த ரெண்டாவது வாரம் நான் தூங்க மாட்டேன்னு எனக்கே தெரியும்.

ஊசிநர்ஸ் அக்கா, ரெண்டு கேள்வி. ஊசி போடப் போகும்போதே பாராசிட்டமால் குடுத்துட்டு போனா வலிப்பு வராம தடுக்கலாமா? பெரியவனுக்கு ரெண்டாவது டோஸ் போடாமலே விட்டுட்டோம், அவனுக்கு தான் ஏற்கனவே வலிப்பு வந்துச்சே, அவனுக்கு போடவே கூடாதா?

ஊசிநர்ஸ்:

போகும்போதே குடுக்கிறதுல பிரயோஜனம் இல்லம்மா, இந்த ஊசிக்கு காய்ச்சல் ஒரு வாரம் கழிச்சு தானே வருது. அப்புறம், பாராசிட்டமால் காய்ச்சல குறைச்சு பிள்ளைக்கு சுகமா இருக்க வைக்குமே தவிர வலிப்ப தடுக்கும்னு நிரூபணம் ஆகல. ஆறாவது நாள்லேர்ந்து தொட்டுப் பாருங்க, சூடா இருந்து பிள்ளை சோர்ந்து போனா டாக்டர் சொன்ன அளவு, எடைய வெச்சு, குடுங்க. மெல்லிசா துணி போடுங்க, தண்ணி பால் அடிக்கடி குடுங்க. ஆஸ்பிரின் மட்டும் குடுக்கவே கூடாது.

வலிப்பு வந்துட்டா, தரையிலயோ கட்டில் நடுவுலயோ ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில விரல், ஸ்பூன், தண்ணி எதுவும் வைக்காதீங்க, கைய கால புடிச்சு அழுத்தாதீங்க, கடிகாரத்த பாருங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனாலோ, நின்னு திரும்ப வந்தாலோ ஆம்புலன்ஸ். சீக்கிரமே நின்னுட்டாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. இத வீட்டுக்காரருக்கும் சொல்லி வைங்க, நீங்க தனியா முழிச்சிருக்க வேண்டாம், மாத்தி மாத்தி பாருங்க.

பெரியவனுக்கு கண்டிப்பா போடணும். காய்ச்சல் வலிப்பு வந்தது எம்எம்ஆர நிறுத்துறதுக்கான காரணமே இல்ல. ரெண்டாவது டோஸ சில நாட்டுல நாலுலேர்ந்து ஆறு வயசுல போடுறாங்க, அந்த வயசுல ஊசிக்கப்புறம் வலிப்பு கூடுறதா பாக்கல, முதல் டோஸ் தான் அதுல பிரச்சினை. ஒரு டோஸோட விட்டா தட்டம்மைக்கு 93 சதவீதம் பாதுகாப்பு, ரெண்டும் போட்டா 97. உண்மையிலயே போடக்கூடாதவங்க யாருன்னா, முன்னாடி டோஸுக்கு மூச்சு திணறி, முகம் வீங்கி கடுமையான அலர்ஜி வந்தவங்க, எதிர்ப்பு சக்தி ரொம்ப குறைஞ்சவங்க, கர்ப்பிணிங்க. லேசான சளி இருமல்னு கூட தள்ளிப் போட வேண்டாம். பெரியவனோட அட்டைய எடுத்துட்டு போங்க, வலிப்பு வந்த தேதியையும் எவ்வளவு நேரம் இருந்துச்சுங்கிறதையும் ஒரு பேப்பர்ல எழுதி குடுத்துடுங்க, அங்க போனதும் பதட்டத்துல மறந்துடும். போட்டப்புறம் ரெண்டு பிள்ளைங்களோடவும் அரை மணி நேரம் அங்கயே உக்காந்துட்டு வாங்க.

இயற்கைவழி:

எல்லாரும் மரியாதையா பேசினதுக்கு நன்றி. மத்த ஊசிங்கள பத்தி எனக்கு இன்னும் யோசனை இருக்கு, ஒரே நாள்ல மாறிட முடியாது. ஆனா அந்த டெட்டனஸ் விஷயம் மனசுல நிக்குது, பையன் நாள் முழுக்க வெறுங்காலோட மண்ணுல தான் இருக்கான். ஆறு வயசு ஆயிடுச்சே, இப்ப ஆரம்பிக்க முடியுமா, இல்ல காலம் கடந்துடுச்சா?

ஊசிநர்ஸ்:

கடக்கல அண்ணே. எந்த வயசுலயும் ஆரம்பிக்கலாம். ஏழு வயசுக்குள்ளன்னா டெட்டனஸோட தொண்டை அடைப்பான், கக்குவான் மூணும் சேர்ந்த ஊசி போடுவாங்க, ஏழு தாண்டிட்டா வேற வகை. எப்படி இருந்தாலும் ஒரு டோஸோட முடியாது, முதல் ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது நாலு வாரம், மூணாவது அப்புறம் சில மாசம் கழிச்சு, தேதிய டாக்டர் குறிச்சு குடுப்பாங்க. சின்ன பிள்ளையையும் கூட்டிட்டு போங்க. இதுவரைக்கும் ஒண்ணும் போடலன்னு தயங்காம சொல்லுங்க, நல்ல இடமா இருந்தா யாரும் திட்ட மாட்டாங்க, அதுக்குன்னே விட்டுப்போனத போடுற அட்டவணை இருக்கு. போறதுக்கு முன்னாடி ஆழமா காயம் ஏதாவது பட்டா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க, ஒரு ஊசியும் போடாத பிள்ளைன்னு முதல்லயே சொல்லிடுங்க, அப்ப தான் தடுப்பூசியோட சேத்து இம்யூனோகுளோபுலினும் தேவையான்னு பாப்பாங்க.